உன் வீட்டில் கட்டில் இல்லை என்று எழுது

சேசு மரி சூசை துணை

மோர்ன் கப்ரி, மார்த்தினிக்
மாதா விண்ணேற்புத் திருநாளுக்கு மறுநாள்

அன்புள்ள தம்பி ரோஸ்மோனுக்கு அக்கா எர்நெஸ்தின் ஆசீர்வாதத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், உன் அத்தான் அனிசே, மகன் லுடோவிக், மிச்சமிருக்கும் நாலு கோழிகள் ஆகிய அனைவரும் ஆண்டவர் கிருபையால் சுகம். பாரிஸில் நீயும் சுகமாக இருக்க மாதாவை மன்றாடுகிறேன். கடிதம் என்றால் முதலில் சுகம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். இனி உள்ளதை எழுதுகிறேன். சுகமில்லை.

போனில் பேசாமல் அக்கா ஏன் காகிதத்தைக் கெடுக்கிறாள் என்று நினைப்பாய். நம் வீட்டில் போனில் குரல் கேட்கிற இடம் ஒன்றே ஒன்றுதான், அது லுடோவிக்கின் ஜன்னலுக்கு அடியில் இருக்கிறது. நான் சொல்லப்போவது அவன் காதில் விழக்கூடாது. அவன் உன்னிடம் வரப்போகிறான். "மாமா வீட்டுல ஒரு மூலையில படுத்துக்குறேன், ஏதாவது கிடங்குல மூட்டை தூக்குறேன்" என்று சொல்லிக்கொண்டு திரிகிறான். சீக்கிரம் உன்னைக் கேட்பான். இடமில்லை என்று சொல்லிவிடு. நம் அம்மாவின் ஆத்துமத்தின்மேல் ஆணையாகக் கேட்கிறேன். பெண்கள் இரண்டு பேரும் போய்விட்டார்கள், ஒருத்தி லியோன், ஒருத்தி மார்செய். மிஞ்சியது இவன்தான். பெற்ற பாசத்துக்காக மட்டும் சொல்லவில்லை, ஊர் நன்மைக்காகவும் சொல்கிறேன். தவக்காலத்தில் கிழவர் ஒனெசிம் இறந்தார். பெட்டி தூக்கின ஆறு பேரில் ஐந்து பேர் எழுபது தாண்டியவர்கள். கல்லறை ஏற்றத்தில் அங்கங்கே பெட்டியை இறக்கி வைத்து மூச்சு வாங்கினார்கள், ஒருவர் பெட்டி மேலேயே உட்கார்ந்து, "கோவிச்சுக்காத ஒனெசிம், முட்டி கேக்க மாட்டேங்குது" என்றார். ஆறாவது ஆள் லுடோவிக். அவனும் போய்விட்டால் இந்த ஊரில் யாரும் சாக முடியாது தம்பி.

எல்லாம் அந்தக் கிழங்கில் தொடங்கியது. சரிவில் நம் துண்டு நிலம் இருக்கிறதே, அப்பா காலத்தில் வாழைத் தோட்ட முதலாளிகளான பெரிய வீட்டுக்காரர்கள் குத்தகை எடுத்தது, அது குத்தகை முடிந்து இருபது வருஷமாகப் புதராகக் கிடந்தது. லுடோவிக் விவசாயப் பள்ளியில் படித்துச் சான்றிதழோடு வந்து நின்று, "அம்மா, இந்தத் தீவுல திங்கிறது எல்லாம் கப்பல்ல வருது. வெங்காயம் கப்பல், கேரட்டு கப்பல், கோழிக்காலு உறைஞ்சுபோய்க் கப்பல்ல வருது. நம்மகிட்ட மண்ணு இருக்கு, மழை இருக்கு, நான் இருக்கேன். பெருவள்ளிக்கிழங்கு போட்டுப் பள்ளிக்கூடத்துச் சாப்பாட்டுக்கு விக்கிறேன்" என்றான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அடுக்களைக் கணக்கு எழுதுகிறவள் நான், அன்றைக்கு அதைப் புரட்டிப் பார்த்தேன். இந்தத் தீவில் விளைந்தது என்று அதில் மிளகாயும் ரம்மும்தான் இருந்தன. ரம் உன் அத்தான் கணக்கு.

பழைய முறைப்படி சங்கு ஊதி ஊரைக் கூட்டினோம். நீ போன பிறகு அப்படி ஒரு கொத்து நடந்ததே இல்லை. மேளக்காரர் இரண்டு பேர் மேட்டில் நிற்க, ஊரில் மண்வெட்டி பிடிக்கத் தெரிந்த அத்தனை பேரும் வரிசையாக நின்று, பாட்டுக்கு ஒரு வெட்டாக மலையையே புரட்டிப் போட்டார்கள். பக்கத்து வீட்டு சிடொனி அக்காவுக்கு எழுபத்தெட்டு வயசு, பாவாடையை இடுப்பில் செருகிக்கொண்டு இறங்கிவிட்டாள். கொத்த வந்தவர்களுக்கு முதல் அறுவடையில் பங்கு, அது உனக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்குக் கிழங்கு எடுத்தோம். ஒவ்வொன்றும் கைக்குழந்தை கனம். சிவப்பு நாடா கட்டி வீடு வீடாக நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். பங்குச் சாமியாருக்கு ஒன்று, சிடொனிக்கு ஒன்று, உனக்கும் பார்சலில் ஒன்று. எல்லோர் வீட்டிலும் பன்றிக்கறி, பச்சைத் துவரை, நம் கிழங்கு. அந்த ஒரு ராத்திரி நான் கர்வப்பட்டேன். அதைப் பிறகு பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன், ஆனால் தண்டனை அதற்குள் புறப்பட்டுவிட்டிருந்தது.

பள்ளிக்கூடத்துக்கு விற்க வேண்டுமானால் மண் பரிசோதனை வேண்டும். நீலக் கையுறை போட்ட ஒரு அரசாங்கப் பெண் நவம்பரிலேயே வந்து மண் எடுத்துப் போயிருந்தாள். ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் கழிந்து திரும்ப வந்தாள். நல்ல பெண், ஆனால் கொடுத்த காபியைத் தொடவேயில்லை. "மதாம், மண்ணுல அந்த வாழை மருந்து இருக்கு. ரொம்ப இருக்கு. கிழங்கு எதுவும் போடக்கூடாது" என்றாள். உன் அத்தான் தலையாட்டினார். "இருக்கத்தானே செய்யும். நான்தானே போட்டேன். ஒவ்வொரு வாழை அடியிலயும் ஒரு கரண்டி வெள்ளைப் பொடி, வெறுங்கையால. கையுறை கேட்டதுக்கு மேஸ்திரி, 'பொடி உனக்கு இல்ல அனிசே, வண்டுக்கு'ன்னார்" என்றார். அவர் இப்போது பெரிய ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடப்பது ஏன் என்று அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. பிரான்சில் அந்தப் பொடியை நிறுத்தின பிறகும், அவர்கள் ஆளுகிற நம் தீவுக்கு மட்டும் தனி அனுமதி கொடுத்துப் போட வைத்தார்களாம். பாரிஸ் நமக்கென்று பார்த்துச் செய்த சலுகை எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். "எப்பம்மா போகும் இது?" என்று கேட்டேன். "சில நூறு வருஷம் ஆகலாம் மதாம்" என்றாள். "அப்ப சரி, காத்திருப்போம்" என்றார் உன் அத்தான். லுடோவிக் கடைசியில், "வேற என்னதான் போடலாம்?" என்றான். அவள் தரையைப் பார்த்துக்கொண்டு, "வாழை போடலாம். பழத்துக்கு அது ஏறாது" என்றாள். வாழைக்காகக் கெட்டுப்போன மண்ணில் கெடாமல் விளைவது வாழை மட்டும்தானாம். ஆண்டவர் இப்படிப் பரிகாசம் பண்ணுகிறவர் அல்ல, இது மனுஷர் வேலை.

அவள் போனதும் எனக்கு ஞாபகம் வந்தது கிழங்கு. ஊர் முழுக்க நாடா கட்டிக் கொடுத்திருக்கிறேனே. கூடையை எடுத்துக்கொண்டு கொடுத்த வீடுகளுக்கெல்லாம் திரும்பக் கேட்கப் போனேன். கொடுத்ததைத் திருப்பிக் கேட்கிற வெட்கத்தை ஆண்டவர் என் எதிரிக்கும் தர வேண்டாம். சாமியார் ஆப்பிரிக்காவில் பெனின் நாட்டுக்காரர், கிழங்கென்றால் உயிர். "சாப்பிட்டாச்சேம்மா. ஆனா ஆசீர்வாதம் பண்ணிட்டுத்தான் சாப்பிட்டேன்" என்றார். அவர் முகம் கொஞ்சம் வெளுத்ததைப் பார்த்தேன், சொல்லவில்லை. பாதி வீடுகளில் சாப்பிட்டுவிட்டார்கள், மீதி வீடுகளில் பிரான்சில் உள்ள பிள்ளைகளுக்கு அனுப்பிவிட்டார்கள். சிடொனி அக்கா மட்டும் மரியாதையாக ஒரு கிழங்கைக் கூடையில் வைத்தாள். நான் பெற்ற கிழங்கு எனக்குத் தெரியாதா? திருப்பிப் பார்த்தேன், வாலில் கடைச் சீட்டு ஒட்டியிருந்தது. கோஸ்தா ரிக்கா.

"ஏக்கா, இது கடைக் கிழங்குல்ல?"

"ஏண்டி, கிழங்கு கேட்ட, கிழங்கு குடுத்தேன். ஊர்ப் பேரு எல்லாம் எதுக்குக் கேக்குற?"

"நாங்க குடுத்தது எங்கே?"

"அது போன இடத்துக்கு வெளிச்சம் போகாது. உம் மவன் கிழங்கு மாதிரி ஒண்ணு நான் கல்யாணப் பந்தியிலகூடத் தின்னதில்ல. எழுபத்தெட்டு வருஷமா இந்த மண்ணைத்தான் திங்கிறேன், இப்ப வந்து துப்பச் சொல்றியா?"

உன் பார்சலுக்கு வருகிறேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை. சாப்பிடாவிட்டால் சாப்பிடாதே. சாப்பிட்டிருந்தால் எனக்குச் சொல்லாதே.

அதோடு லுடோவிக் விட்டானா என்றால் விடவில்லை, அவன் உன் மருமகன். கோழி வாங்கினான். கோழி மண்ணைக் கொத்தினால் முட்டையில் மருந்து ஏறும் என்றார்கள். உடனே முற்றத்துக்கு சிமென்ட் போட்டான். கோழிகள் சிமென்ட்டைக் கொத்திக் கொத்தி அலகு மழுங்கி என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. தீவனம் கப்பலில் வருகிறது, அதற்குக் கடல் வரி. கணக்குப் போட்டால் எங்கள் வீட்டு முட்டை, கடல் தாண்டி வந்த முட்டையைவிட விலை அதிகம். பிறகு மாடியில் தக்காளி போடுகிறேன் என்று பலகையில் பெட்டிகள் அடித்து, அவற்றை நிரப்பக் கடையில் மண் வாங்கினான். ஆமாம் ரோஸ்மோன், மண். பை பையாக, பிரான்சிலிருந்து வந்த மண், அதற்கும் கடல் வரி. எரிமலைத் தீவில், உரமே போடாமல் குச்சியை நட்டால் துளிர்க்கிற ஊரில், என் மகன் மண் வாங்கி மாடிப்படி ஏற்றுகிறான். சிடொனி வேலி ஓரம் நின்று, "என்னடி, உம் மவன் மண்ணு வாங்குறானாமே. மழையும் அங்கிருந்தே வாங்கச் சொல்லு, செட்டா இருக்கும்" என்றாள். மழை வாங்க வேண்டியிருக்கவில்லை. போன மாதப் புயலில் ஒரே ராத்திரியில் தக்காளி, பிரான்ஸ் மண் எல்லாம் ஓடையில் இறங்கிக் கடலுக்குப் போய்விட்டது. நீந்தத் தெரிந்திருந்தால் இந்நேரம் உன் ஊர்ப் பக்கம் வந்திருக்கும். கோழியும் பாதி போனது. காலையில் லுடோவிக் காலிப் பெட்டிகளைக் கவிழ்த்து அடுக்கிவிட்டு, கையைக் கழுவி, "நான் மாமாகிட்ட போறேம்மா" என்றான். சத்தம் போட்டுச் சொல்லியிருந்தால் நானும் சத்தம் போட்டிருப்பேன். சாதாரணமாகச் சொன்னான்.

புனித அந்தோனியாருக்கு ஒன்பது நாள் ஜெபம் வைத்தேன். தொலைந்ததைத் தேடித் தருகிறவர்தான், ஆனால் தொலையப்போவதைத் தடுப்பது அவர் இலாகா இல்லை போலிருக்கிறது. அதனால் உன்னிடம் வருகிறேன். பத்தொன்பது வயசில் அரசாங்கம் கொடுத்த ஒருவழி டிக்கெட்டில் நீ போனாய். போன புதிதில் ஒரு போட்டோ அனுப்பினாயே, நீளக் கோட்டு, கைக்குட்டை, சிவப்புக் காரில் சாய்ந்துகொண்டு. அம்மா அதைத் திவ்விய இருதயப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டி வைத்தாள். கோட்டு அறை நண்பனுடையது, கார் யாருடையதென்றே தெரியாது, நீ அப்போது ஆஸ்பத்திரியில் அழுக்குத் துணி வெளுத்துக்கொண்டிருந்தாய் என்று எங்களுக்குப் பதினைந்து வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. அதைப் பார்த்து இந்த ஊரிலிருந்து எத்தனை பிள்ளைகள் கப்பலேறினார்கள்! அவ்வளவு அழகாகப் பொய் சொல்லத் தெரிந்தவன், இப்போது அதே திறமையோடு தலைகீழாக ஒன்று எழுது. உன் வீட்டில் கட்டில் இல்லை என்று எழுது. இருந்த கட்டிலும் மூட்டைப்பூச்சி என்று எழுது. குளிரில் காது உதிர்ந்துவிடும் என்று எழுது. நம் ஊர் வாழைப்பழம் உன் தெருவில் இங்கே விற்பதைவிட மலிவு என்று போனில் சொன்னாயே, அதை மட்டும் எழுதாதே. அவன் ரோஷக்காரன், அந்தக் கோபத்திலேயே புறப்பட்டுவிடுவான். அவன் இங்கே இருக்க வேண்டும், வேறெதுவும் எனக்கு வேண்டாம். தீவில் ஏதாவது ஒரு வேலை, எந்த வேலையானாலும் சரி என்று மாதாவிடம் கேட்டிருக்கிறேன். கேட்டால் கொடுக்காதவள் அல்ல.

உன் அத்தான் உன்னை விசாரித்தார். சிடொனி அக்கா, கிழங்கு நன்றாக இருந்தது என்று உன்னிடமும் சொல்லச் சொன்னாள். மாதாவின் மேலங்கி உன்னை மூடட்டும், உன் முழங்கால் வலி தீரட்டும், உன் வீட்டுக்கு என் மகனைத் தவிர எல்லா நன்மையும் வந்து சேரட்டும்.

இப்படிக்கு
உன் அக்கா
எர்நெஸ்தின்

பின்குறிப்பு: உறையை ஒட்டித் தபால்காரருக்காகக் காத்திருந்தவள் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். காலைப் பூசைக்குப் போய்வந்தால் முற்றத்து சிமென்ட்டில் பெரிய வீட்டுத் தோட்டத்து மேலாளர் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருக்கிறார். நம் நிலத்தைத் திரும்ப வாழைக்குக் குத்தகை எடுக்கிறார்களாம், லுடோவிக்குக்கு அதிலேயே நிரந்தர வேலையாம், மருந்தடிக்கிற பிரிவில். அவன் கையெழுத்துப் போட்டுவிட்டான். என்னைக் கண்டதும் ஓடிவந்து கட்டிக்கொண்டு, "அம்மா, நான் எங்கேயும் போகல. நீ கேட்டது கிடைச்சிருச்சு, அழாத" என்றான். மேலாளர், "இப்போ போடுற மருந்தெல்லாம் பத்திரமானதுங்க மதாம்" என்றார். உன் அத்தான் தன் இரண்டு கையையும் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

ரோஸ்மோன், மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. கட்டிலைத் தயார் பண்ணு. போர்வை இரண்டாக வை, அவனுக்குக் குளிர் தாங்காது. டிக்கெட்டுக்கு என் அடுக்களைக் கணக்கில் மிச்சம் பிடித்தது இருக்கிறது. அந்தச் சிவப்புக் கார் போட்டோவில் இன்னொரு பிரதி உன்னிடம் இருந்தால் உடனே அவன் பேருக்கு அனுப்பு.