மாமியாருக்குப் பதில் எழுதிய மெஷின்

மாமியாருக்குப் பதில் எழுத மெஷின் வைத்த முதல் மருமகன் உலகத்திலேயே நானாகத்தான் இருப்பேன். ஈரானின் ஷீராஸ் நகரில் நிச்சயம் நான்தான்.

மாமியார் தாஜி அம்மாள் புதிதாகப் போன் வாங்கியிருந்தார். ஒரு நாளைக்கு நாற்பது செய்தி. காலை வணக்கம், ரோஜாப்பூ, முழங்கால் வலி, மறுபடி ரோஜாப்பூ. பதில் தாமதமானால் என் மனைவி பரஸ்தூ முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். நானோ வீட்டிலிருந்தபடி கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதிப் பிழைக்கிறவன். நாரத்தை மரத்தைப் பார்த்த சின்ன அறைதான் என் ஆபீஸ், என் ராஜ்யம். அங்கே மட்டும்தான் என் பேச்சு எடுபடும், வேறு யாரும் இல்லாததால்.

யாரோ புண்ணியவான் இணையத்தில் இலவசமாக விட்டிருந்த புரோகிராம் லைப்ரரி ஒன்றை இறக்கினேன். எந்தச் சொல்லுக்கு எந்தப் பதில் என்று சொல்லிக் கொடுத்தால் போதும், மீதி அரட்டையை அதுவே பார்த்துக்கொள்ளும். முப்பது வரியில் பதில் போடும் மெஷின் தயார். 'வலி' என்று வந்தால், 'அந்த வலி எனக்கு வரட்டும்.' 'அழகு' என்று வந்தால், 'அது உங்களுக்கே.' நம் பொருளை ஒருவர் புகழ்ந்தால் அதை அவருக்கே தருவதாகச் சொல்வது எங்கள் ஊர் மரியாதை. எதிராளி வேண்டாம் என்பார். நாம் வற்புறுத்துவோம். அவர் மறுபடி மறுப்பார். அதோடு நிறுத்திவிட்டால் பொருள் நம்மிடம், மரியாதை அவரிடம். மூன்றாம் முறையும் சொன்னால் நிஜமாகவே கொடுக்கிறோம் என்று அர்த்தம். இந்தக் கணக்கை மெஷினுக்குச் சொல்ல மறந்துவிட்டேன்.

ஒரு வாரம் சொர்க்கத்தில் இருந்தேன். எட்டாம் நாள் வெளியே போய்விட்டு வந்தால், என் அறையில் மாமியாரின் கட்டில், கம்பளம், டீ போடும் சமோவார். என் கம்ப்யூட்டர் சமையலறையில், ஊறுகாய் ஜாடிக்குப் பக்கத்தில்.

பரஸ்தூ தன் அம்மாவின் போனை நீட்டினாள்.

'அந்த அறை எவ்வளவு அழகு!'

'அது உங்களுக்கே.'

'ஐயோ, வேண்டாம் மாப்பிள்ளை.'

'இல்லை, உங்களுக்கே.'

'வேண்டாமே.'

'கட்டாயம் உங்களுக்கே.'

"மூணு தடவை சொல்லியிருக்கீங்க. அதுக்கு மேலயும் மறுத்தா உங்களுக்குத்தானே அவமானம்?"

"நான் எங்க சொன்னேன்? மெஷின் சொல்லிச்சு."

"தெரியும். எங்கம்மாவுக்கு ஒரு நொடியில பதில் போடுற ஆளா நீங்க? அவங்க போன்ல இருந்து 'கத்திரிக்கா அழகா இருக்கு'ன்னு போட்டுப் பார்த்தேன். கத்திரிக்காயைத் தூக்கிக் குடுத்தீங்க. அப்புறம்தான் அறையைப் பத்தி எழுதினேன்."

"நீ எழுதினியா?"

"இங்க வந்து இருக்கலாமான்னு கேக்க அம்மாவுக்குக் கூச்சம். மெஷின்தான் சொல்லிச்சுன்னா போய் அவங்ககிட்டயே சொல்லுங்க. நான் தடுக்கல."

விறுவிறுவென்று போனேன், உண்மையைச் சொல்லி அறையை மீட்டுவிடுவது என்று. மாமியார் கண் கலங்கியபடி டீ நீட்டினார். வாங்கிக்கொண்டேன். அவர் என் சுழல் நாற்காலியைத் தடவிப் பார்த்தார்.

"இது எவ்வளவு அழகா இருக்கு மாப்பிள்ளை."

"அது உங்களுக்கே அத்தை," என்றது என் வாய், என்னைக் கேட்காமலே.

"ஐயோ, வேண்டாம்."

"இல்ல அத்தை, உங்களுக்கே."

கதவோரம் நின்ற பரஸ்தூ விரலை மடக்கினாள்.

"ரெண்டு."