குறையை முதலில் சொல்லும் தரகர்

கடலூர் மாவட்டத்திலேயே பொய் சொல்லாத கல்யாணத் தரகர் ஒரே ஒருவர்தான் இருந்தார். அவரும் நாய்களுக்கு மட்டும்தான் வரன் பார்த்தார்.

அவருடைய நிஜப் பெயர் எனக்கு இன்றுவரை தெரியாது. முதுநகரில் எல்லோருக்கும் அவர் 'சம்பந்தி'. மூடிப்போன ஒரு ஐஸ் பேக்டரியின் கொட்டகையில் தெருநாய்களை வைத்து, வைத்தியம் பார்த்து, தேற்றி, யார் வீட்டுக்காவது அனுப்பி வைப்பார். நாய் போன வீட்டுக்காரரை அன்றிலிருந்து சம்பந்தி என்றுதான் கூப்பிடுவார். போலீஸ் ஏட்டானாலும் சரி, கறிக்கடைக்காரரானாலும் சரி. கடைசியில் பட்டம் அவருக்கே நிலைத்துவிட்டது. நான் எதிர்வீட்டில் குடியிருந்தேன். எனக்கு நாய் என்றால் ஆகாது. இதை அவரிடம் நாற்பது தடவையாவது சொல்லியிருப்பேன்.

"பரவால்ல தம்பி, நாய்ங்களுக்கும் உங்களக் கண்டா ஆவாது" என்பார்.

முப்பது வருஷம் மனிதர்களுக்குக் கல்யாணம் செய்து வைத்தவர். அந்தக் காலத்தில் அவர் சொன்ன பொய்களை வரிசையில் நிறுத்தினால் வால் மஞ்சக்குப்பத்தில் இருக்கும். வழுக்கையை 'அகலமான நெத்தி' என்றிருக்கிறார். செம்மங்குப்பத்தில் ஒரு கம்பெனிக்கு கேட் திறந்துவிடுகிறவரை, 'அவரு இல்லேன்னா ஒரு லாரி உள்ள போவாது' என்று சொல்லிப் பெண் வாங்கிக் கொடுத்திருக்கிறார். பிறகு ஒருநாள் திடீரென்று தொழிலை விட்டார். ஏன் என்று கேட்டால் நாய்க்குச் சோறு வைக்க எழுந்து போய்விடுவார்.

நாய் விஷயத்தில் அவர் முறை தவற மாட்டார். பார்க்க வருகிறவர்கள் ராகுகாலம் தவிர்த்து வரவேண்டும். பூ, பழம் வேண்டாம், பிஸ்கட் போதும். வந்தவர்களைப் பாயில் உட்கார வைத்து, நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிய தாளை எடுத்து நாயின் ஜாதகத்தை வாசிப்பார். குறைகளை முதலில் வாசிப்பார். நிறைகளுக்கு வருவதற்குள் பாதிப்பேர் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள். அப்படியும் ஒவ்வொன்றாக எல்லா நாய்க்கும் இடம் அமைந்துவிட்டது. செல்வி மட்டும் மிஞ்சினாள்.

செல்வியின் ஜாதகம் இரண்டு பக்கம். காலையும் மாலையும் வலிப்புக்கு மாத்திரை. உண்ணிக் காய்ச்சல் வந்து போனதில் பின்னங்கால் ஒன்று இழுக்கும். முதுகில் பாதி முடி இல்லை. வளரும் என்று டாக்டர் சொன்னார், எப்போது என்று சொல்லவில்லை. குடை, துடைப்பம், ஹெல்மெட், குக்கர் விசில், மனிதர்கள் இருமுவது, எல்லாவற்றுக்கும் பயம். பட்டியலின் அடியில் 'மற்றும் பூனை' என்று பிற்சேர்க்கை வேறு. யாரோ ஆசையாக வளர்த்து, வலிப்பு வந்ததும் சில்வர் பீச்சில் இறக்கிவிட்டுப் போன நாய் அது.

பண்ருட்டியிலிருந்து ஒரு முந்திரி வியாபாரி வந்தார். தோப்புக்குக் காவல் வேண்டுமாம்.

"என்னா ஜாதி?" என்றார், உட்காரும் முன்பே.

"நாட்டு நாய்."

"ஜாதி நாயா இருந்தா நல்லாருக்கும். சரி, திருடன் வந்தா என்னா பண்ணும்?"

சம்பந்தி நிதானமாக யோசித்தார். "ஒளிஞ்சிக்கும். நீங்க முன்னாடியே ஒளிஞ்சிருந்தீங்கன்னா, உங்களுக்குப் பின்னாடி."

வியாபாரி கொண்டு வந்த பலாப்பழத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். எனக்கு அந்தப் பழத்தின் மேல்தான் வருத்தம்.

அடுத்து புவனகிரியிலிருந்து ஒரு புதுத் தம்பதி. செல்விக்குக் கூலிங் கிளாஸ் மாட்டி வீடியோ எடுத்துப் போட ஆசைப்பட்டார்கள். வலிப்பு என்றதும் மிரளவில்லை. நான்கூட சந்தோஷப்பட்டேன். ஆனால் பெண் வீட்டார் போய் மாப்பிள்ளை வீடு பார்க்க வேண்டாமா? சம்பந்தி போனார். கேட்டின் இடுக்கை முழம் போட்டு அளந்தார். பிறகு படுக்கையறைக்குள் போய்த் தரையில் படுத்துக் கட்டிலுக்கு அடியில் தலையை நுழைக்கப் பார்த்தார். வீட்டுப் பெரியம்மா துடைப்பத்தோடு வந்தவர், "ஐயோ, யாரு காலு இது?" என்று போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. இடம் வேண்டாம் என்று சம்பந்திதான் அன்றே சொல்லி அனுப்பிவிட்டார்.

"நல்ல மனுஷங்கதான சம்பந்தி?" என்றேன்.

"அடியில ட்ராயர் வெச்ச கட்டில் தம்பி. பொண்ணு எங்க போயி ஒளிவா?"

எங்கள் வீட்டில் தங்கையைக் கட்டிக்கொடுத்தபோது மாப்பிள்ளை வீட்டு சோபாவில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு வந்தோம். அவ்வளவுதான் விசாரணை. மாப்பிள்ளை குடிப்பாரா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நாய் பார்க்க வந்தவர்களோ குரைக்குமா என்று மூன்று தடவை கேட்டார்கள்.

தை பிறந்ததும் கொட்டகையை இடிக்கிறோம், காலி பண்ணுங்கள் என்று சொந்தக்காரர் சொல்லிவிட்டார். அந்த இடத்தில் வரப்போவது கல்யாண மண்டபம். சம்பந்தி ஓசூரில் மகனோடு போய் இருப்பதாக ஏற்பாடு. மகன் இருக்கும் அடுக்குமாடியில் நாய்க்கு அனுமதியில்லை என்று லிப்டிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்களாம். பத்து நாள்தான் பாக்கி. எனக்குத் தெரிந்து முதல் தடவையாக அவர் சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார்.

"பீச்சுல எறக்கி வுட்டவன என்னா திட்டு திட்டுனேன் தம்பி. நானும் அதே பீச்சுக்குத்தான் இவளக் கூட்டிட்டுப் போவணுமா?"

அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் போனை வாங்கி நானே விளம்பரம் எழுதினேன். 'செல்வி. மாநிறம். அமைதியான சுபாவம். நோய் நொடி இல்லை. தைரியசாலி. நல்ல குடும்பத்தினர் தொடர்பு கொள்ளவும்.' படத்தையும் சேர்த்து, கண்ணாடி போடாமல், மேலே தெரிந்த வாட்ஸ்அப் குரூப்பில் தட்டிவிட்டேன். அது அவர் தொழிலை விட்ட பிறகும் விட்டு வெளியேறாத கல்யாண வரன் குரூப். படம் போகாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. எழுத்து மட்டும் போய்விட்டது.

நெய்வேலியிலிருந்து முதல் அழைப்பு. "பொண்ணு என்ன நட்சத்திரம்?" விருத்தாசலத்திலிருந்து அடுத்தது. "பையனுக்கு சொந்த டிராக்டருங்க. எங்களுக்கு நகை முக்கியமில்ல, போடறதப் போடுங்க." மூன்றாமவர் விவரமானவர். "நோய் நொடி இல்லன்னு தனியா எழுதியிருக்கீங்களே, அப்ப என்னமோ இருக்கு." சாயங்காலம் படம் போய்ச் சேர்ந்தது. குரூப்பிலிருந்த பெரியவர்கள் சம்பந்தியைப் பரம்பரையோடு சேர்த்து வாழ்த்தினார்கள்.

மறுநாள் காலை சிதம்பரத்திலிருந்து ஒரு பெண் பேசினார். பேர் சொல்லவில்லை. "நாயக் கூட்டிட்டு வாங்க. தரகரும் கண்டிப்பா வரணும்" என்று முகவரியை மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

என் காரில் போனோம். அதாவது என் காரை நான் ஓட்டினேன். செல்வி என் சீட்டுக்கு அடியில் புகுந்து நடுங்கிக்கொண்டிருந்தாள். ஆலப்பாக்கத்தில் வாந்தி எடுத்தாள். புதுச்சத்திரத்தில் மறுபடியும். வழி முழுக்க நான் சம்பந்தியிடம் கெஞ்சினேன். "ஒரே ஒரு நாளு வாய மூடிட்டு இருங்க. நாய் உள்ள போனப்புறம் மெதுவா சொல்லிக்கலாம்." அவர் சட்டைப் பையிலிருந்த ஜாதகத்தைத் தடவிக்கொண்டிருந்தார்.

கதவைத் திறந்த பெண்மணிக்கு நாற்பது வயது இருக்கும். சம்பந்தியைப் பார்த்துச் சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை.

"வாங்க தரகர் மாமா. இந்தத் தடவ எத மறைச்சிருக்கீங்க?"

சம்பந்தியின் முகத்தில் ரத்தமே இல்லை. "சுமதிம்மா" என்றார். சுமதியின் கல்யாணம் அவர் முடித்துவைத்தது. தம்பிக்குப் பெண் தேடிக்கொண்டிருந்த சுமதி, குரூப்பில் பழைய தரகரின் நம்பரைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறார். உள்ளே நாற்காலியில் அவர் கணவர் பேப்பரோடு உட்கார்ந்திருந்தார்.

"இவருக்கு வலிப்பு இருக்குன்னு மாமாவுக்குத் தெரியும். எங்க வீட்ல மூச்சு வுடல" என்று சுமதி என்னைப் பார்த்துச் சொன்னார். "கல்யாணமாயி பத்தாம் நாளு சமையல்கட்டுல வுழுந்தாரு. செத்துட்டாருன்னு நெனச்சி தெருவுல கத்திக்கினே ஓடுனேன். சொல்லியிருந்தா பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டிருப்பேன். அவ்ளோதான? இத அப்பவே கடலூருக்கு வந்து கேட்டேன். மாமா பதிலே சொல்லல."

அவர் தொழிலை விட்ட காரணம் எனக்கு அந்த வாசலில்தான் தெரிந்தது. சம்பந்தி தாளை எடுத்தார். இரண்டு பக்கத்தையும் ஒன்றுவிடாமல் வாசித்தார். குக்கர், குடை, பூனை வரைக்கும். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"வாட்ஸ்அப்புல வந்தது பூரா பொய்ம்மா. இந்தத் தம்பி எழுதுனது" என்று என்னைக் காட்டிக் கொடுத்தார். நான் சுவரில் இருந்த காலண்டரில் விசேஷ நாட்களைப் படித்துக்கொண்டிருந்தேன். "வேணாம்னா சொல்லிடும்மா. கூட்டிட்டுப் போயிடறேன். எங்கன்னுதான் தெரியல."

செல்வி இதற்குள் அந்தக் கணவரின் நாற்காலிக்கு அடியில் போய் ஒடுங்கியிருந்தாள். அவர் குனிந்து பார்த்தார்.

"என்னா மாத்தர போடறீங்க?"

சம்பந்தி அட்டையை நீட்டினார். அவர் எழுந்து போய் பிரிட்ஜ் மேலிருந்து தன்னுடைய அட்டையை எடுத்து வந்து, கண்ணுக்குப் பக்கத்தில் வைத்து இரண்டையும் ஒப்பிட்டார். ஒரே மருந்து.

"எனக்குக் காலைல எட்டு மணி. அதோடயே இதுக்கும் குடுத்துட்டா ஆச்சி" என்றார்.

"டப்பா வேற வேற இருக்கணும்" என்றார் சுமதி. "மாத்தி முழுங்கிட்டு ரெண்டு பேரும் என் உசுர எடுக்காதீங்க."

நிச்சயதார்த்தம் அவ்வளவுதான். ஆனால் சம்பந்தி முறையை விடவில்லை. அனுமதி கேட்டுக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கட்டிலுக்கு அடியில் நுழைந்தார். வெகுநேரம் வரவில்லை. நான் குனிந்து பார்த்தேன். மனிதர் குப்புறப்படுத்து, வேட்டி நுனியை வாயில் அடைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். நான் பார்க்காத மாதிரி எழுந்துவிட்டேன்.

கண் சிவக்க வெளியே வந்தவர், "தூசி ஜாஸ்திம்மா. பெருக்கணும்" என்றார் சுமதியிடம்.

அவர் ஓசூர் போய் ஒரு வருஷம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் வரும். நான் சௌக்கியமா என்று அவர் கேட்பதில்லை. முடி வளர்ந்ததா, வலிப்பு எத்தனை தடவை, கட்டிலை விட்டு வெளியே வருகிறாளா, இவ்வளவுதான் கேள்வி. அதற்காக நான் மாதத்தில் இரண்டு சனிக்கிழமை பெட்ரோல் போட்டுக்கொண்டு சிதம்பரம் போய், என்னைக் கண்டதும் ஓடி ஒளிகிற ஒரு நாயைத் தரையில் படுத்துப் பார்த்துவிட்டு வருகிறேன். போகாமலே எதையாவது சொல்லிச் சமாளிக்க எனக்குத் தெரியாதா என்ன? அவரிடம் மட்டும் மனசு வரமாட்டேன் என்கிறது.