கிருஷ்ணப்பன் பூட்டிய பெட்ரோல் முள்

டிரைவர் சவுரியப்பன் மாதா கோயிலுக்குப் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், கிருஷ்ணப்பன் தன் சொந்தக் காரின் பெட்ரோல் தொட்டியில் உளி வைத்து ஓட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

“ஏனுங்க, நல்லா இருக்கற தொட்டிய எதுக்கு இப்படிக் குத்திக் கொதறறீங்க?” என்றாள் அவர் மனைவி ரங்கம்மாள்.

“மெல்லப் பேசு. எவன் காதுலயாச்சும் வுழுந்துறப் போவுது.”

பாப்பாரப்பட்டியில் கடலை எண்ணெய் மில் வைத்திருந்த கிருஷ்ணப்பனுக்கு எல்லோர் மேலும் சந்தேகம். தயிர்க்காரி மேல் சந்தேகம், வண்ணான் மேல் சந்தேகம், பக்கத்து வீட்டுக்காரனைப் பார்த்து வாலாட்டியதற்காக வீட்டு நாய் மேலும் சந்தேகம். இப்போது எல்லாம் ஒன்றாகத் திரண்டு சவுரியப்பன் தலையில் இறங்கியிருந்தது.

ஜெர்மன் சண்டை தொடங்கியதிலிருந்து பெட்ரோலுக்குக் கூப்பன். சர்க்கார் அளந்து கொடுக்கும் அந்த நாலு காலனும், அவர் காரில் ஏறாத நாட்களில்கூடக் குறைந்தது. கேட்டால் சவுரியப்பன் ஒரு மூங்கில் குச்சியைத் தொட்டிக்குள் விட்டு எடுத்து, ஈரத்தைக் காட்டி, “அரைத் தொட்டி இருக்குதுங்க மொதலாளி” என்பான். குச்சி அவனுடையது. விடும் கையும் அவனுடையது. எப்படி நம்புவது?

ஆகவே சேலத்துப் பழைய இரும்புக் கடையில், உடைந்த லாரி ஒன்றிலிருந்து கழற்றிய பெட்ரோல் முள்ளை வாங்கி வந்துவிட்டார். ஸ்டியரிங்குக்கு முன்னால் வைக்க ஒரு வட்டக் கண்ணாடிப் பெட்டி, தொட்டிக்குள் விட ஒரு மிதவை, இரண்டையும் சேர்க்க ஒரு கம்பி. பெட்ரோல் எவ்வளவோ அவ்வளவுக்கு முள் ஏறி நிற்குமாம். மெக்கானிக்கைக் கூப்பிட்டிருக்கலாம். ஆனால் மெக்கானிக் எவனும் டிரைவருக்குச் சிநேகிதனாகத்தானே இருப்பான்? கார் வாங்கி ஆறு வருஷமாகியும் பின்சீட்டைத் தவிர வேறு எதையும் அறியாத மனிதர், தாமே பூட்டுவது என்று முடிவுகட்டினார்.

“இதுல, ஒரு காலனுக்கு எத்தன மைல் ஓடுதுன்னு தெரியுமுங்களா?” என்று கேட்டாள் ரங்கம்மாள்.

“அடுப்புல பருப்பு கருகற வாசன வருது. போய்ப் பாரு.”

பொழுது உச்சிக்கு வந்தபோது வேலை முடிந்தது. மாட்டுக் கொட்டகையில் அண்டாவில் ஊற்றி வைத்திருந்த பெட்ரோலை மறுபடி தொட்டியில் ஊற்றினார். புதுச் சாமானாயிற்றே, பூசை போடாமல் விடலாமா? கண்ணாடிப் பெட்டிக்குச் சந்தனம் வைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, தொட்டிக்குப் பக்கத்திலேயே சூடத்தை வைத்துத் தீக்குச்சியை உரசினார். ரங்கம்மாள் எங்கிருந்து பாய்ந்தாளோ, ஒரு குடம் தண்ணீர் சூடத்தின் மேலும் புருஷன் மேலும் கொட்டியது.

“சாமி காரியத்துல தண்ணி ஊத்தறியேடி!”

“நீங்க சாமிகிட்டயே போயிருப்பீங்க.”

நனைந்த வேட்டியோடு அவர் முள்ளைப் பார்த்தார். முக்கால் தொட்டி ஊற்றியிருக்க, முள் கால் தொட்டியில் நின்றது.

“அண்டாவுலேருந்து எவனோ எடுத்திருக்கான்!”

திங்கட்கிழமை தருமபுரிக்குப் போய்த் திரும்பும்வரை, முன்சீட்டில் உட்கார்ந்து முள்ளின் மேலேயே கண்ணாக இருந்தார். கார் ஓட ஓட முள் ஏறியது. பாப்பாரப்பட்டி வந்து சேர்ந்தபோது அரைக்கு மேலே நின்றது.

“நல்ல வண்டிங்க மொதலாளி” என்றான் சவுரியப்பன் பணிவாக. “ஓட ஓடப் பெட்ரோல் குட்டி போடுது. இனிமே கூப்பனே வேணாமுங்க.”

மிதவையைத் தலைகீழாகப் பூட்டியிருந்தார். அதைக் கழற்றித் திருப்பியதில் ஓட்டை பெரிதாகிப் பெட்ரோல் கசிந்தது. பார் சோப்பைப் பிசைந்து ஓட்டையைச் சுற்றி அப்பினார். கசிவு நின்றது. முள்ளும் ஒழுங்காக நின்றது. இனித் திருடனைப் பிடிப்பது ஒன்றுதான் பாக்கி.

புதன்கிழமை காலையில் முள் நின்ற இடத்தில் கண்ணாடி மேல் சுண்ணாம்பால் கோடு போட்டார். கார்க் கொட்டகையைப் பூட்டினார். சவுரியப்பனை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு, கடலை பார்க்க வத்தல்மலை அடிவாரத்துக்குப் போய், பொழுது சாயும்வரை அவனைக் கண்ணைவிட்டு அகல விடவில்லை. அவன் ஒதுங்கப் போனாலும் பத்தடி தள்ளி நின்றார். கொட்டகைச் சாவி ரங்கம்மாளிடம் இருந்தது. அதனால் சாவியைப் பற்றிக் கவலையில்லை.

திரும்பி வந்து பார்த்தால், முள் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே நின்றது. தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

“நான் நாளெல்லாம் ஒங்க கூடவேதானுங்க இருந்தேன்” என்றான் சவுரியப்பன்.

“அதேதான்டா! எங்கூட இருந்தா சந்தேகம் வராதுன்னு, ஆள் வெச்சுத் திருடற.”

அந்தப் பக்கத்தில் கார் ஓட்டத் தெரிந்தவன் சவுரியப்பன் ஒருவன்தான். எனவே குழாய் விட்டுத்தான் உறிஞ்சுகிறார்கள்; எனவே கூட்டம் பெரிது. இனி எவனும் கை வைக்க முடியாதபடி அன்று சாயங்காலமே ஸ்பானரை எடுத்து மிதவைத் திருகுகளை இன்னும் நாலு சுற்று முறுக்கினார். உள்ளே ஏதோ நொறுங்கியது. திருடன் கை நொறுங்கினதுபோல் அவருக்குத் திருப்தியாக இருந்தது.

“அந்த மனுசன் திருட மாட்டாருங்க” என்றாள் ரங்கம்மாள்.

“ஒனக்கென்ன தெரியும்? வூட்ட வுட்டு வெளிய போனவளா நீ?”

அவள் கொட்டகைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

மறுநாள் பொழுது விடிந்ததும், அவள் குளிக்கப் போன சமயம் பார்த்துக் கிருஷ்ணப்பன் கத்தினார்: “எடுடா வண்டிய. பென்னாகரம் ஸ்டேசனுக்கு.”

“எதுக்குங்க?”

“ஒன்ன உள்ள வெக்கறதுக்கு.”

சவுரியப்பன் முகம் சுண்டிப் போயிற்று. அவனுக்கு மூன்று பெண் குழந்தைகள். இந்தச் சம்பளம் போனால் கேழ்வரகுக் களிக்கும் வழியில்லை. ஆனாலும் துண்டால் கண்ணாடியைத் துடைத்துவிட்டுக் கேட்டான்: “சரிங்க. திரும்பி வர்றப்ப ஆருங்க ஓட்டுவாங்க?”

கிருஷ்ணப்பன் அதை யோசித்திருக்கவில்லை. “அது என் பாடு. ஏறு.”

திருடனே வண்டி ஓட்ட, புகார் கொடுப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து காவல் இருக்க, கார் பென்னாகரம் ரோட்டில் போயிற்று.

“இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போவல” என்றார் கிருஷ்ணப்பன். “பெட்ரோல எடுக்கறது ஆருன்னு சொல்லிடு. வுட்டுடறேன்.”

“சொல்ல முடியாதுங்க. மாதா மேல சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன்.”

“பாத்தியா! கூட்டாளி இருக்கான்!”

“கூட்டாளின்னு சொல்ல முடியாதுங்க.”

“பின்ன, தலைவனா?”

சவுரியப்பன் கொஞ்சம் யோசித்தான். “அப்படி வேணா சொல்லலாமுங்க.”

ஸ்டேஷனுக்கு இரண்டு மைல் இருக்கும்போது கார் இருமியது, குலுங்கியது, நின்றது. முள் கால் தொட்டி என்று அசையாமல் சத்தியம் செய்தது. சவுரியப்பன் இறங்கிப் போய் மூங்கில் குச்சியை விட்டு எடுத்துக் காட்டினான். சருகுபோலக் காய்ந்திருந்தது. சோப்பு எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது. வந்த வழி நெடுகப் பெட்ரோல் கோடு போட்டிருந்தது.

“இதுவும் ஒன் வேலைதான்!”

“திருகு முறுக்குனது நீங்கதானுங்க.”

“வாய மூடு. நீ ஸ்டியரிங்க புடி, நான் தள்ளறேன். ஒன்னத் தள்ள வுட்டா ஓடிருவ.”

ஒருகாலத்தில் கவர்னர் வந்தபோது மாலை போட்ட கிருஷ்ணப்பன், வேட்டியைத் தார்ப்பாய்ச்சாகக் கட்டிக்கொண்டு, காரின் முதுகுக்குப் பின்னால் தலையைக் குனிந்து தள்ளினார். ஆடு மேய்ப்பவர்கள் நின்று பார்த்தார்கள். அவர்களையும் சந்தேகித்தபடியே தள்ளினார்.

எதிரே சைக்கிள் மணி கேட்டது. பென்னாகரம் போலீஸ்காரர் கோவிந்தன் வந்துகொண்டிருந்தார். தெய்வமே சைக்கிளில் வந்ததுபோல் இருந்தது கிருஷ்ணப்பனுக்கு. மூச்சு வாங்கியதில் குரல்தான் எழும்பவில்லை.

காருக்குப் பின்னால் குனிந்திருந்தவரைக் கோவிந்தன் பார்க்கவில்லை. ஸ்டியரிங் பக்கம் எட்டிப் பார்த்துக் காலை ஊன்றி நின்றார்.

“என்னப்பா சவுரி, அதிசயமா இன்னைக்கி நீ ஓட்டற? வாராவாரம் ஓட்டிக்கிட்டு வருவாங்களே ரங்கம்மா, அவங்களுக்கு ஒடம்பு கிடம்பு சரியில்லையா?”