வீட்டுக்குள் ஒரு மலை

ஒரு விடுகதை. நாலு சுவருக்குள் ஒரு மலை. அதில் ஆடு மேயாது, பனி விழாது. ஆனாலும் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு சாண் வளரும். அது என்ன?

நாரின் என்ற மலையூர்ப் பக்கத்துக் குழந்தைகளுக்கு இது விடுகதையே இல்லை. கல்யாணச் சீராக வந்து, மரப்பெட்டியின் மேல் கூரையை நெருங்கும்படி அடுக்கிய, விருந்தாளிகளுக்கு விரிக்கும் மெத்தைகள்தான் அந்த மலை. அது இல்லாத வீட்டை அங்கே யாரும் வீடு என்று சொல்லமாட்டார்கள்.

தொக்தோசுனுக்கு அந்த மலையைக் கண்டால் ஆகாது. அவர் மலைச்சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுபவர். வழியை அடைப்பது எதுவானாலும் ஓரமாகத் தள்ளிவிட வேண்டும் என்பது அவர் கட்சி. வீட்டுச் சாமான்களைக் காலி செய்தால் மனசு அமைதியாகும் என்று கைபேசிக் காணொலியில் ஒரு பெண் சொன்னதைக் கேட்டதும், இத்தனை நாள் நாம் சொன்னதும் இதைத்தானே என்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. தம்பியும் தம்பி மனைவியும் வேலைக்காக மாஸ்கோ போகிறார்கள். மகள் பெகிமாயை இங்கே விடுவதா, தலைநகர் பிஷ்கெக்கில் சித்தி வீட்டில் விடுவதா என்பதைக் குழந்தையே சொல்லட்டும் என்று விட்டுவிட்டார்கள். தொக்தோசுனுக்கும் மனைவி புருலுக்கும் பிள்ளை இல்லை. போன கோடையில் வந்த பெகிமாய் ஒரு மூலையில் உட்கார்ந்து, ஊருக்குப் போகணும் என்று அழுதாள். அழுகைக்குக் காரணம் இடநெருக்கடிதான் என்று பெரியப்பா முடிவு கட்டியிருந்தார்.

"நாம ரெண்டே பேரு. எதுக்கு இத்தனை மெத்தை? யாரு வரப்போறா?"

புருல் ரொட்டி மாவைப் பிசைவதை நிறுத்தினாள். "வந்தா?"

"எத்தனை வருஷமா 'வந்தா, வந்தா'ன்னு சொல்லிக்கிட்டிருக்கே?"

புருல் கையில் ஒட்டிய மாவை உதறினாள்.

"சரி பெரியவரே, குடுத்துடுங்க. ஆனா தூக்கி எறியக் கூடாது. நீங்களே சுமந்துட்டுப் போயி, வீடு வீடா உங்க கையால குடுக்கணும்."

இவ்வளவு சுலபமாக ஜெயித்துவிட்டோமே என்று தொக்தோசுனுக்கே ஆச்சரியம். முதல் மெத்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஆட்டுக்காரர் சதார் வீட்டுக்குப் போனார். சதாரின் மனைவி அதை வாங்கித் தடவிப் பார்த்தாள், டீ கொடுத்தாள், இரண்டு வருஷமாக ஏன் இந்தப் பக்கமே வரவில்லை என்று திட்டினாள். அவர் கிளம்பும்போது தன் அடுக்கிலிருந்து ஒரு மெத்தையை உருவி அவர் தோளில் ஏற்றினாள்.

"அய்யோ, வேண்டாம்மா. நான் இடம் பண்றதுக்காகத்தான்..."

"உங்க வீட்டு மெத்தையை வாங்கிக்கிட்டு உங்களை வெறுங்கையோட அனுப்புறதா? ஊரு என்னை என்ன சொல்லும்?"

அடுத்த வீட்டிலும் அதே டீ, அதே திட்டு, அதே மெத்தை. ஒரு வீட்டில், வரப்போகும் பெகிமாய்க்கென்று இரண்டாகக் கொடுத்தார்கள். இரண்டு நாள் முதுகொடியச் சுமந்து முடித்தபோது, பழைய மலை இருந்த இடத்தில் ஒரு புது மலை நின்றது. ஒரு சாண் உயரம் கூடியிருந்தது.

புருல் ஒவ்வொரு உறையாகத் தடவிப் பார்த்தாள். "அந்தப் பழைய பூவையே பாத்துப் பாத்து எனக்கு அலுத்துப்போச்சு. இந்தச் செவப்பு எவ்வளவு நல்லா இருக்கு, பாருங்க."

"நடக்கப்போறது உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"கல்யாணமாகி வந்த நாள்லேர்ந்து இந்த ஊர்லதானே இருக்கேன்."

தொக்தோசுன் மிச்சமிருந்த வீரத்தைச் சின்ன அறையில் காட்டினார். தன் நாற்காலி, வானொலி, மீன்தூண்டில் எல்லாவற்றையும் கொட்டகைக்கு அனுப்பிவிட்டுச் சுண்ணாம்பு அடித்தார். நடுவில் ஒரு கட்டில் மட்டும். அறை அமைதியாகத்தான் இருந்தது. தும்மினால்கூட எதிரொலித்தது.

ஞாயிற்றுக்கிழமை பெகிமாய் அப்பா அம்மாவோடு வந்தாள். மெத்தை வாங்கியவர்கள் எல்லோரும் குழந்தையைப் பார்க்க வந்துவிட்டார்கள். மலையின் பாதி இறங்கித் தரையில் விரிந்தது. அவர்கள் பேரப்பிள்ளைகள் மீதியில் ஏறிக் குதித்தார்கள். தொக்தோசுன் பெகிமாயின் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் வெள்ளை அறையைக் காட்டினார். அவள் வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தாள்.

"இங்க யாருமே இல்லியே, பெரியப்பா."

"அதான் கண்ணு, அமைதியா இருக்கும்."

அவள் கையை மெல்ல உருவிக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள்.

சாயங்காலம் அம்மா அவளைக் கூப்பிட்டு, எங்கே இருக்கப்போகிறாய் என்று கேட்டாள். பெகிமாய் மலை உச்சியில் உட்கார்ந்தபடியே, இங்கேதான், இந்த மெத்தை மேலேதான் என்றாள். வெள்ளை அறையைப் பெரியப்பாவுக்கே கொடுத்துவிடச் சொன்னாள்.