இரண்டு வருஷமும் ஒரே ருசி

இரண்டு தம்ளரிலும் ஒரே ருசி. பத்மநாபன் மூன்றாவது முறையாகக் கொப்பளித்துத் துப்பினார்.

"பர்வதம், கரெக்டாதான் ஊத்தினியா?"

"ஒண்ணு 2022, ஒண்ணு 2023. எனக்கு லேபிள் படிக்கத் தெரியாதா?"

கலிஃபோர்னியாவில் லிவர்மோர் ஊர் வைன் கடை ஒன்றில் மதியம் அவருக்குத் தேர்வு. கண்ணைக் கட்டிக்கொண்டு எந்த வருஷத்து வைன் என்று சொன்னால் வேலை. ஐ.டி. வேலை போய் எட்டு மாதமாகிறது. தேர்வுக்காகவே அந்தக் கடையில் 2022, 2023 இரண்டிலும் இரண்டிரண்டு பாட்டில் வாங்கி, ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டிலை நேற்றே திறந்து வைத்திருந்தார்.

"ஒரே தோட்டம்தானே, ஒரே மாதிரிதான் இருக்கும்" என்றாள் மனைவி பர்வதம்.

"இருக்கவே முடியாது!" பத்மநாபன் கத்தினார். "கடலோரத் தோட்டம். காலையில மூடுபனி வந்து கொடி மேல படுத்துக்கும். குளிர்ல பழம் மெதுவாத்தான் பழுக்கும், புளிப்பு தங்கும். 2023 அப்படி. 2022 செப்டம்பர்ல வெயில் கொளுத்துச்சு. புளிப்பு கொறைஞ்சு இனிப்பு ஏறிடுச்சு. கொழந்தைகூடக் கண்டுபிடிக்கும்!"

"அப்ப கொழந்தையைக் கூப்பிடவா?"

எவர்சில்வர் தம்ளர்தான் கெடுக்கிறது என்று கண்ணாடித் தம்ளருக்கு மாற்றினார். மாறவில்லை. காலையில் குடித்த காபிதான் காரணம் என்று உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளித்தார். இரண்டும் கரித்தன. சில்லென்று இருந்தால் மணம் எழாது என்று மைக்ரோவேவில் வைத்தார். இரண்டும் கஷாயமாயின.

பத்மநாபனின் காது சிவந்தது. கடைக்கு போன் போட்டு ஆங்கிலத்தில் வெடித்தார். ஒரே வைனுக்கு இரண்டு லேபிள் ஒட்டி ஏமாற்றுகிறீர்கள், ஊரெல்லாம் சொல்வேன்!

மறுமுனையில் ஓனரம்மா நிதானமாகக் கேட்டாள். டெஸ்டுக்கு வரும் பத்மநாபன்தானே? அந்த இரண்டு பாட்டிலையும் கொண்டுவாருங்கள், எல்லோர் முன்னாலும் ருசித்துவிடலாம்.

"நல்லா கேளுங்க, வேலை கெடைச்ச மாதிரிதான்" என்று தலையில் அடித்துக்கொண்டாள் பர்வதம்.

"வேலை போனாப் போகட்டும்! திருட்டுப் பசங்க!"

கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்த மாமியார் சாந்தாமணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"அவங்களை வையாதீங்க மாப்ள, நேத்து ஒரு வாய் குடிச்சுப் பாத்தனுங்க, 2023 ரொம்பப் புளிச்சுக் கெடந்துச்சு, அதான் புளிச்ச மாவுல புது மாவு சேக்கற மாதிரி ரெண்டையும் கலக்கித் திரும்ப ஊத்தி வெச்சேன், திறக்காத பாட்டிலை எடுத்துட்டுப் போங்க."