ரிவர்ஸ் இல்லாத காரில் பெண் பார்க்கப் போனேன்

ஊரில் அவனவன் வயதை மறைப்பான், வழுக்கையை மறைப்பான். நான் மறைத்தது ஒரு கியரை.

என் சின்னக் காருக்கு அப்போதே வயது பன்னிரண்டு. நான் அதற்கு நான்காவது சொந்தக்காரன். ராயபுரத்து உப்புக்காற்று அதன் கதவுகளை அப்பளமாகப் பொரித்து வைத்திருந்தது. டிரைவர் சீட்டுக்கு முன்னால் தரை போய்விட்டதால் எண்ணெய் டின்னை வெட்டி ஒட்டுப் போட்டிருந்தேன். (மழைக்காலத்தில் ஓட்டிக்கொண்டே கால் கழுவிக்கொள்ளலாம்.) இதெல்லாம் வெளியே சொல்லக்கூடிய குறைகள். சொல்லக்கூடாத குறை ஒன்றுதான், கார் பின்பக்கமாகப் போகாது. தண்டையார்பேட்டை மெக்கானிக் சலீம் பாய், கியர் பாக்ஸை இறக்கித்தான் பார்க்கவேண்டும் என்றார். நாம் எப்போதும் முன்னால்தானே பாய் போகிறோம், ரிவர்ஸ் எதற்கு என்று அவருக்குத் தத்துவம் சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு, நேராக வெளியே வர வழியுள்ள இடத்தில் மட்டும்தான் வண்டியை நிறுத்துவேன். தப்பித்தவறி மாட்டிக்கொண்டால் நியூட்ரலில் போட்டு, கதவைத் திறந்து, வலது காலைத் தெருவில் ஊன்றிப் பின்னால் உந்துவேன். முகத்தை மட்டும் செருப்பு கழன்றுவிட்டவனைப் போல வைத்துக்கொள்வேன். வீட்டில் யாருக்கும் தெரியாது.

இந்த லட்சணத்தில் காத்திவாக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. பெண் பெயர் ஸ்டெல்லா. டிப்ளமோ படித்துவிட்டு, மணலியில் ஒரு தொழிற்சாலையில் மெஷின் பராமரிப்பில் வேலை. அப்பா சொந்தமாகப் படகு வைத்திருப்பவர். போட்டோவைப் பார்த்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. துறைமுகத்துப் பக்கம் கிளியரிங் ஆபீஸ் குமாஸ்தாவான எனக்கு இந்த இடம் அமைவதே பெரிது. அம்மாவோ தரகரிடம் என் வேலையைச் சொல்வதற்கு முன்பே, பையனுக்குச் சொந்தக் கார் இருக்கிறது என்று சொல்லியிருந்தாள். அப்புறம் நானும் அம்மாவும் பஸ்ஸில் போகமுடியுமா?

என் திட்டம் சுலபமானது. மெயின் ரோட்டில் நிறுத்திவிட்டு நடந்து போய்விடுவது. ஆனால் சந்து முனையிலேயே பெண்ணின் அப்பா வெள்ளை வேட்டியில் நின்றிருந்தார்.

"இன்னா தம்பி, இங்க வுட்டுகினு? கண்டெய்னர்காரன் ஒரசிட்டுப் பூடுவான். உள்ள வுடு, வூட்டாண்ட எடம் கீது."

பரவாயில்லை என்றேன். கேட்கவில்லை. முன்னால் நடந்து வழிகாட்டவே ஆரம்பித்துவிட்டார். சந்தின் அகலம் சரியாக என் காரின் அகலம். இரண்டு பக்கமும் காயப்போட்ட வலை. கடைசி வீடு அவர்களுடையது, அதைத் தாண்டினால் மணல், மணலைத் தாண்டினால் முகத்துவாரத்துத் தண்ணீர். திரும்ப இடமில்லை. எலிப்பொறிக்குள் எலி தானே ஓட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தது.

இறால் வடை வைத்தார்கள். எனக்கு அது அட்டை மாதிரி இருந்தது. மனசெல்லாம் சந்தில். ஸ்டெல்லா டீ கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து, கூச்சமே இல்லாமல் ஒரு கேள்வி கேட்டாள்.

"கார் நல்லா ஓடுதா?"

"புதுசு மாதிரி."

"ரிவர்ஸ்லாம் விழுதா?"

"வெண்ணெய் மாதிரி விழும்."

(பெண் பார்க்கும் இடத்தில் ஒரு பெண் ஏன் ரிவர்ஸைப் பற்றிக் கேட்கிறாள் என்று புத்தியுள்ளவன் யோசித்திருப்பான்.)

கிளம்பும்போது சந்தே வாசலுக்கு வந்துவிட்டது. அம்மா பட்டுப்புடவையோடு முன்சீட்டில் ஏறிக்கொண்டாள். ஸ்டெல்லாவின் அப்பா வலைகளை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, நேராக ரிவர்ஸ் எடுத்து வரச்சொன்னார். அத்தனை பேர் முன்னால் காலை வெளியே விட்டு உந்தமுடியுமா? தள்ளிவிடுங்கள் என்று கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை. அப்போது உதித்தது அந்த யோசனை. அம்மாவுக்கு முகத்துவாரத்தைக் காட்டவேண்டும் என்று சொல்லிவிட்டு, மணலில் ஒரு வட்டம் அடித்துத் திரும்பிவிடலாம் என்று முன்னால் விட்டேன்.

கால் வட்டம் போனேன். முன் சக்கரங்கள் பாயசத்தில் போட்ட வடை மாதிரி உள்ளே போயின. ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். எண்ணெய் டின் ஒட்டு வழியாக அம்மாவின் பட்டுப்புடவை வரைக்கும் மணல் பொழிந்தது.

"எனக்கு எதுக்குடா தண்ணியக் காட்டற, நான் இன்னா மாடா?" என்றாள் அம்மா.

வலை பின்னிக்கொண்டிருந்த எட்டுப் பேர் எழுந்து வந்தார்கள். நான் இறங்கப் பார்த்தேன். "நீ குந்து நைனா, இன்னா பெரிய வெயிட்டு" என்று ஒருவர் கதவைச் சாத்திவிட்டார். கரையில் படகைத் தூக்குகிற மாதிரியே ஆளுக்கொரு பக்கம் தோள் கொடுத்து, "ஏலேலோ ஐலசா" என்று பாட்டோடு தூக்கினார்கள். அம்மா ஜெபமாலையை வெளியே எடுத்தாள். நானும் அம்மாவும் காருமாக அந்தரத்தில் அரை வட்டம் சுற்றி, மெயின் ரோட்டைப் பார்த்தபடி சந்து வாயில் இறங்கினோம். தேர்த் திருவிழாவில்கூட அப்படியொரு பவனியை நான் பார்த்ததில்லை. ஊரே கை தட்டியது. இந்த வரன் அவ்வளவுதான் என்று நினைத்து ஸ்டீரிங்கில் முகத்தைப் புதைத்துக்கொண்டேன்.

ஜன்னலருகே ஸ்டெல்லா வந்து குனிந்தாள்.

"ரிவர்ஸ் எப்பலேர்ந்து இல்ல?"

"இப்பத்தான், மணல்ல மாட்டினப்போ…"

"உங்க தெருவுல எங்க சித்தி குடியிருக்காங்க. ரெண்டு வருசமா ஒத்தக் கால வெளிய வுட்டுத் தள்ளிகினு போறீங்களாமே. அப்பாதான், கேட்டா உண்மையச் சொல்றாரான்னு பாப்போம்னாரு."

சந்துக்குள் வண்டியை விடச்சொன்னதே பரீட்சை, நான் மணலில் விழுந்து ஃபெயிலாகியிருக்கிறேன்.

"பிடிக்கலன்னு சொல்லிடுவீங்களா?" என்று கேட்டேன். அன்று நான் பேசிய ஒரே உண்மையான வாக்கியம் அதுதான்.

அவள் கதவில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டாள். "இவ்ளோ மோசமா பொய் சொல்ற ஆளோட பயமில்லாம குடும்பம் நடத்தலாம்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நிச்சயத்துக்கு முன்பே சலீம் பாய் பட்டறையில், ஸ்டெல்லா பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்க்க, கியர் பாக்ஸ் இறங்கி ஏறியது. கார் இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் வீட்டில் எனக்குப் பொய் சொல்லும் உரிமை போய்விட்டது. வழியில் டிராஃபிக், அதனால்தான் லேட் என்று நான் ஆரம்பித்தால், அடுப்படியிலிருந்து "ஏலேலோ" என்று மெதுவாக ஒரு குரல் வரும். ஹாலிலிருந்து இரண்டு பிள்ளைகளும் "ஐலசா" என்பார்கள். எல்லோருக்கும் மேலே ஓங்கி ஒலிப்பது என் அம்மாவின் குரல்.