வழிகாட்டி பேசறேன்

மூடியை மாட்டும்போது கடைசித் திருகாணி கைதவறி ரேடியோவுக்குள்ளேயே விழுந்துவிட்டது. அவர் பெட்டியைத் தூக்கிக் காதருகே வைத்துக் குலுக்கினார். உள்ளே கிலுகிலுவென்று சத்தம் கேட்டது.

"பரவால்லையே, சத்தம் வர ஆரம்பிச்சிடுச்சே!" என்றாள் மனைவி, தையல் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

பதில் சொல்லும் தகுதி தனக்கு இல்லை என்பது அவருக்கே தெரியும். போன வருடம் அவர் பழுதுபார்த்த மின்விசிறி இன்றும் காற்றைக் கூரையை நோக்கித்தான் வீசுகிறது. கூரை மட்டும் அந்த வீட்டில் எப்போதும் குளுகுளுவென்று இருக்கும்.

அவர் கல் குவாரியில் லாரி ஓட்டுகிறவர். குவாரியிலிருந்து ஐந்து லாரிகள் வரிசையாக மலைப்பாதையில் இறங்கும். வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன வருகிறது என்று முன்வண்டிக்காரர் பார்த்து, பின்னால் வருகிறவர்களுக்கு சி.பி. ரேடியோவில் சொல்ல வேண்டும். ஒருவர் பட்டனை அமுக்கிக்கொண்டு பேசினால் மற்றவர்கள் கேட்கத்தான் முடியும், பேச முடியாது. செல்போனெல்லாம் அங்கே செல்லாது. ரேடியோவில் ஆளுக்கொரு பட்டப்பெயர் உண்டு. இரண்டாவது வண்டிக்காரன் 'பஞ்சர்'. முன்வண்டி ஓட்டும் அவருடைய பெயர் 'வழிகாட்டி'. அந்தப் பெயரை அவருக்கு வைத்தது அவரேதான்.

நேற்றிலிருந்து வழிகாட்டியின் ரேடியோ ஊமையாகிவிட்டது. திறந்து பார்த்தால், பின்பக்கத்து ஆன்டெனா சாக்கெட்டிலிருந்து உள்ளே போகும் விரல் நீள ஒயர் அறுந்து தொங்கியது. குவாரி சூப்பர்வைசர் தயவுதாட்சண்யம் இல்லாமல் சொல்லிவிட்டார்.

"நாளைக்குச் சாயங்காலம் எடைமேடை மூடறதுக்குள்ள ரேடியோல உங்க குரல் கேக்கணும். கேக்கலைன்னா அடுத்த நாள்லேருந்து பஞ்சர்தான் முன்வண்டி. நீங்க கடைசி."

அந்த நாளைக்கு என்பது இன்றைக்கு. விடுமுறை நாள் என்பதால் லாரிகள் ஓடவில்லை, எடைமேடை மட்டும் சாயங்காலம் வரை திறந்திருக்கும்; ரேடியோ பழுதுபார்க்கும் கடையும் மூடிக்கிடந்தது.

கடைசி வண்டி என்றால் முன்னால் போகும் நான்கு வண்டியின் தூசியையும் தின்ன வேண்டும். அது போகட்டும், தின்றுவிடலாம். ஆனால் கடைசி வண்டிக்காரர் யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு வர வேண்டியதுதான். அதுதான் அவரால் முடியாத காரியம்.

"ஏங்க, எனக்கு ஒண்ணு புரியல," என்றாள் மனைவி. "போன மாசம் வண்டி மேல இருந்த ஆன்டெனா கம்பி காணாம போச்சு. இந்த மாசம் பெட்டிக்குள்ள இருக்கற ஒயர் அறுந்துபோச்சு. அது என்ன உங்க வண்டிக்கு மட்டும்?"

"முன்வண்டின்னா காத்து ஜாஸ்திம்மா."

"பெட்டிக்குள்ளயுமா?"

"குலுக்கல்!" என்றார் அவர், விஞ்ஞானி மாதிரி. அதற்கு மேல் அவருக்கும் தெரியாது.

அறுந்த இரண்டு முனைகளையும் முறுக்கி, டேப் சுற்றி மூடியிருந்த பெட்டியை வாசலில் நின்ற லாரிக்குக் கொண்டுபோய் மாட்டிப் பார்த்தார். 'உஸ்' என்ற இரைச்சலைத் தவிர வேறொன்றும் வரவில்லை. ஆன்டெனா சரியாகச் சேராமல் பேசும் பட்டனை அமுக்கினால் பெட்டியே வெந்துபோகும் என்பதால் பேசிப் பார்க்கவும் வழியில்லை. பேசாமல் இருப்பது அவருக்குப் பழக்கமில்லாத வேலை.

அந்த நேரம் பார்த்து மோட்டார் பைக்கில் வந்து இறங்கினான் இரண்டாவது வண்டி ஓட்டும் பஞ்சர். அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணே, சரியாயிடுச்சா?"

"இல்லப்பா. இரைச்சல்தான் வருது."

பஞ்சர் நீளமாக மூச்சு விட்டான். முகத்தில் ரத்தம் திரும்பி வந்தது. "அவசரமே இல்லண்ணே. உடம்பைப் பாத்துக்குங்க. ரேடியோ இன்னைக்கு வரும், நாளைக்குப் போகும்."

இத்தனைக்கும் ரேடியோ சரியாகாவிட்டால் முன்வண்டி இவனுக்குத்தான். அப்படிப்பட்டவன் தன் உடம்பை விசாரிக்கிறானே என்று வழிகாட்டி உருகிப்போனார்.

"இதுக்கு ஈயம் வச்சு ஒட்டணும்ப்பா. சூட்டுக்கோல் எங்கேயாவது கிடைக்குமா?"

பஞ்சர் கொஞ்சம் யோசித்தான். "இதோ வரேன்" என்று போனவன், ரேடியேட்டர் பட்டறையிலிருந்து ஒரு சூட்டுக்கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தான். அதன் முனை சுத்தியல் அளவுக்கு இருந்தது.

"ஏம்ப்பா, ஒயர் நூல் மாதிரி இருக்கு. இது இவ்ளோ பெருசா இருக்கே?"

"இதைவிடப் பெருசு கிடைக்கலண்ணே," என்று சொல்லிவிட்டு அவன் பறந்துவிட்டான்.

ஆழம் தெரியாமல் காலை விடுவதில் அவருக்கு நிகர் அவர்தான். கோலைச் சூடாக்கி வைத்ததுதான் தாமதம், ஒயரின் தோல் உருகி ஒழுகியது. சாக்கெட்டின் நடு ஊசி தூக்கக் கலக்கத்தில் சாய்வது போலச் சாய்ந்தது. ஈயச் சொட்டு ஒன்று துள்ளிப்போய், யாரோ தைக்கக் கொடுத்திருந்த திரைச்சீலையில் விழுந்து புகைந்தது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தால்கூடப் பரவாயில்லை. குரங்குக்குக் கையும் காலுமாவது இருக்கும்.

மனைவி திரைச்சீலையை விரித்து, ஓட்டை வழியாக அவரைப் பார்த்தாள்.

"விழுந்தது விழுந்துச்சு. ஆன்டெனாவை இது வழியா வெளியே விட்டுடுங்க."

செல்போன் அடித்தது. எடைமேடையில் லாரிகளை நிறுத்துப் பார்க்கும் அக்கா. வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளிடமும் ஒரு ரேடியோ உண்டு. நாள் முழுக்க அதைக் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பாள்.

"என்ன தம்பி, சரியாயிடுச்சா?"

"இல்லக்கா. முன்னைவிட மோசமாயிடுச்சு."

"அப்படியா!" அந்தக் குரலில் அப்படி ஒரு குளிர்ச்சி. "விடுங்க தம்பி. கவலையே படாதீங்க. உங்க தொண்டைக்கும் ஓய்வு வேணுமா இல்லையா?"

போனை வைத்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "பாத்தியா? என் தொண்டையைப் பத்திக்கூட யோசிக்கறாங்க. என் குரல் இல்லாம இவங்க எல்லாம் என்ன பண்ணுவாங்களோ!"

அதன்பிறகு அவர் மனைவியிடம் விளக்க ஆரம்பித்தார். தினமும் ரேடியோவில் தான் சொல்வதை அப்படியே சொல்லிக் காட்டினார். முதல் வளைவில் கிடக்கும் குழி, அந்தக் குழியின் வரலாறு, இரண்டாவது வளைவில் தனக்கு வந்த முழங்கால் வலி, அந்த வலிக்குத் தான் தடவிய தைலம், தைலக்காரர் சொன்ன கதை, அந்தக் கதையில் வந்த மாடு. "பேசிக்கிட்டே வந்தாதான் பின்னாடி வர்ற பசங்க தூங்காம வருவாங்க. பட்டன்லேருந்து விரலையே எடுக்க மாட்டேன்." மாடு நான்காவது வளைவுக்கு வருவதற்குள் தையல் மெஷின் நின்றது.

"இதெல்லாம் தினமும் அந்தப் பெட்டிலதான் பேசறீங்களா?"

"பின்னே?"

"அது சரியாகலைன்னா இதையெல்லாம் எங்க பேசுவீங்க?"

"வீட்லதான், வேற எங்க?"

அவள் விசுக்கென்று எழுந்தாள். "தள்ளுங்க."

பெட்டியைக் கவிழ்த்தாள். உள்ளே விழுந்திருந்த திருகாணி தானாக மேஜையில் வந்து விழுந்தது. சுத்தியல் போன்ற சூட்டுக்கோலின் முனையில் ஒரு தாமிரக் கம்பியை இறுக்கிச் சுற்றி, அதன் நுனியை ஊசி போல நீட்டிவிட்டாள். சாய்ந்த ஊசியை இடுக்கியால் நிமிர்த்தினாள். மெஷின் விளக்கின் ஒயரிலிருந்து ஒரு துண்டை நறுக்கி, நூல் கோக்கும்போது செய்வதைப் போல மூச்சை அடக்கிக்கொண்டு இரண்டு முனையிலும் ஈயத்தை வைத்தாள். வெள்ளிப் பொட்டு மாதிரி உட்கார்ந்தது. அவர் டார்ச் பிடித்துக்கொண்டு, ஈயம் எப்படி வைக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"டார்ச்சை நேரா பிடிங்க. வாயை மூடிக்கிட்டும் பிடிக்கலாம்."

வெயில் தாழ்ந்துவிட்டது. எடைமேடை மூடும் நேரம் நெருங்கியது. அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு லாரிக்கு ஓடினார். அவசரமாக மாட்டினார். இது போனால் முன்வண்டி போய்விடும். முன்வண்டி போனால் அப்புறம் அவர் யார்? சும்மா ஒரு லாரி டிரைவர்.

குமிழைத் திருகினார். 'உஸ்' என்றது. பிறகு, கிணற்றிலிருந்து ஏறி வருவது போல ஒரு குரல் வந்தது. யாரோ டீசலைப் பற்றி என்னவோ கேட்டார்கள். யாரோ பதில் சொன்னார்கள். இரண்டு பேரும் சிரித்தார்கள். ரேடியோவில் இப்படி இரண்டு பேர் மாறி மாறிப் பேச முடியும் என்பதே அவருக்குப் புதிய செய்தியாக இருந்தது.

பட்டனை அமுக்கினார். சந்தோஷத்தில் குரல் உடைந்தது.

"வழிகாட்டி பேசறேன்! ரேடியோ சரியாயிடுச்சு! நாளைக்குக் காலைலேருந்து பழையபடி நான்தான் முன்வண்டி. எல்லாருக்கும் கேக்குதா?"

விரலை எடுத்தார். சிரிப்புச் சத்தம் நின்றிருந்தது. டீசல் பேச்சும் நின்றிருந்தது. உணர்ச்சிவசப்பட்டிருக்கிறார்கள், பாவம், என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தபோதே, யார் யார் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதைப் பதற்றத்தில் மறந்துபோன எடைமேடை அக்காவின் குரல் அலறியது:

"அடப்பாவி பஞ்சர்! நாங்க எல்லாரும் அவ்ளோ நம்பி உன்கிட்ட ஒப்படைச்சோமேடா, இந்தத் தடவையாவது ஒயரை வெட்டறதோட நிக்காம பெட்டியையே தூக்கி ஆத்துல போட்டுடுன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"